ஜூபிலியும் தரிசு நிலமும்

ஜூபிலி என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, அசன விருந்து ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அடிமைக்கு விடுதலையும் இழந்தவனுக்குக் காணியும் அளித்த ஜூபிலி, நிலத்திற்கும் ஓய்வு அளித்தது. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலம் ஓய வேண்டும். 50-ஆம் ஆண்டிலும் விதைப்பில்லை, அறுப்பில்லை. அவ்வாறு ஓய்ந்த நிலத்தில் தானாக விளைவது எளியோருக்கு உரியது; அவர்கள் உண்டது போக எஞ்சியது காட்டு விலங்குகளுக்கு உரியது என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் விதிக்கிறது. தரிசு நிலத்தில் ஏழைக்கும் முயலுக்கும் பங்கு வைத்தவர் நம் ஆண்டவர்! இந்த நோக்கில் நம் கரிசல் பூமியின் மறை வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

குருமார் காட்டிய வழி

1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் தொடங்கிய மறைபணி, 17-ஆம் நூற்றாண்டிலேயே நம் கரிசலில் வேரூன்றியது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அதற்குச் சான்று. புனித அருளானந்தரின் பாதம் பட்ட ஊர் அது. வீரமாமுனிவர் பணிபுரிந்த ஊரும் அதுவே. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணி இயற்றியபோது, யூதேயா நாட்டைத் தமிழ் நாடாகவே தீட்டினார். நம் நீர்நிலைகளும் பறவைகளும் திருக்குடும்பத்தின் கதையில் இடம் பெற்றன. மண்ணை நேசிக்காதவரால் இது இயலுமா?

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டு, 1838-இல் அக்குருக்கள் மீண்டும் மதுரைப் பணித்தளத்திற்கு வந்தபின் இந்த நேசம் அறிவியலாகவும் வளர்ந்தது. கொடைக்கானல் அருகே செண்பகனூரில் 1895-இல் எழுந்த திரு இருதயக் கல்லூரியில், குருமாணவர் பயிற்சியோடு பழனி மலையின் செடி கொடிகளையும் உயிரினங்களையும் சேகரிக்கும் பணியும் நடந்தது. அருட்தந்தை ஆங்கிலாத் மலர்களை ஆராய்ந்தார். அருட்தந்தை ஃபோரோ, பலர் மிதித்துச் செல்லும் பாசிகளை ஆராய்ந்தார். 1967-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை ராப்பினாத் பெயரால் உலர்தாவரக் காப்பகம் நிறுவப்பட்டது. அதை வளர்த்தெடுத்த அருட்தந்தை கே. எம். மேத்யூ (1930–2004), தமிழ்நாட்டின் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1981 முதல் பெருநூல்களை வெளியிட்டார். பழனி மலையின் சோலைகள் அழிவதைக் கண்டு குரல் கொடுத்தார். பூசை வைத்த கையே புல்லையும் எண்ணியது.

நமது காடு எது?

"அது மலைநாட்டுக் கதை, இங்கே ஏது காடு?" என்று கேட்கலாம். எப்போதும்வென்றான் சுற்று வட்டாரத்தில் வானுயர்ந்த சோலை இல்லைதான். ஓடைக்கரை உடைமரமும், மஞ்சணத்தியும், நீர்த்தேக்கமும், கண்மாயும், ஆட்டுக்கிடை போடும் தரிசும், வடக்கே குருமலைக் காப்புக்காடுமே நமது காடு. காடையும் கௌதாரியும் தரிசிலேதான் முட்டையிடுகின்றன. குருமலையில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. தெற்கே வல்லநாட்டு மலையில் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பு 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே. வெட்ட வெளியில் வாழ்வதால் அது வெளிமான். அந்த வெளியைத்தான் இன்று சீமைக்கருவேல் மூடிவருகிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக்கு அம்மரம் சோறு போட்டது. அதை மறுக்க இயலாது. ஆயினும் கண்மாயையும் தரிசையும் அது விழுங்கிவிட்டது. இத்தகைய அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுத்தது.

விவசாயியின் கண்ணீர்

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. புரட்டாசியில் விதைத்து, வானம் பார்த்து வளர்த்த மக்காச்சோளத்தை ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் சாய்த்துவிடுகிறது. உளுந்தையும் பாசிப்பயற்றையும் மானும் மயிலும் மேய்கின்றன. கடன்பட்ட விவசாயியிடம், "பறவைகளை நேசி" என்று பிரசங்கம் செய்வது எளிது. அவன் வயிற்றெரிச்சலைத் தணிப்பது அரிது. அதற்காகத் தானியத்தில் விஷம் கலந்து வைப்பது தீர்வாகுமா? மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. அந்த விஷம் மயிலோடு நிற்பதுமில்லை. ஆட்டையும் நாயையும் சேர்த்தே கொல்கிறது.

யாத்திராகமச் சட்டத்தின் ஒழுங்கைக் கவனிப்போம்: முதலில் எளியோர், பிறகு விலங்குகள். இருவரில் ஒருவரைத் தள்ளிவிட்டு மற்றவரைக் காக்கச் சொல்லவில்லை. ஆகவே பயிர் இழந்தவனுக்கு உரிய நஷ்டஈட்டை நாம் ஒன்றுகூடிக் கேட்போம். மனு எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுப்போம். அதே கையால் ஓடைக்கரையையும் கண்மாய்க்கரையையும் விட்டுவைப்போம். காடும் தரிசும் தண்ணீரும் குறையக் குறைய, விலங்கு விளைநிலம் தேடி வருவதில் வியப்பென்ன?

திருச்சபையின் அழைப்பு

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், 1979 நவம்பர் 29-இல் அசிசியாரைச் சுற்றுச்சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் இறைவா உமக்கே புகழ் என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்றே என உணர்த்தினார். செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்காக மன்றாடும் நாளாகவும் ஏற்படுத்தினார்.

எனவே இந்த ஜூபிலி ஆண்டில், கல்லறைத் தோட்டத்திலும் கோயில் நிலத்திலும் சீமைக்கருவேலை அகற்றி, வேம்பும் உடையும் மஞ்சணத்தியும் வைப்போம். கண்மாய் வற்றும் கோடையில் கோயில் வளாகத்திலே ஒரு தொட்டித் தண்ணீர் வைப்போம். கூட்டிலிருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காதே என்னும் உபாகமக் கட்டளையை ஞாயிறு மறைக்கல்வியில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். கண்ணி வைக்கும் பெரியவர்களும் அதைக் கேட்கட்டும்.

எப்போதும்வென்றான் என்று பெயர் தாங்கிய மண் இது. மண்ணையும் வாயில்லா ஜீவன்களையும் தோற்கடித்து நாம் பெறும் வெற்றி நிலைக்காது. அவற்றோடு சேர்ந்து பிழைப்பதே வெற்றி. அந்த வரத்தை மழையோடு சேர்த்து நமக்கு அருளுமாறு எல்லாம் வல்ல இறைவனை மன்றாடுவோமாக.