பதிவேட்டில் உரிமையாளர் பெயர்

எங்கள் மீனவக் குப்பமான குருசுக்குப்பத்தில், குரும்பாபேட்டு நிலையம் இன்றும் மாட்டாஸ்பத்திரிதான். 1994-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது ராஜீவ் காந்தியின் பெயரில் கல்வி, ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. அதற்கு முன் பெரிய வைத்தியம் என்றால் சென்னை வேப்பேரி. 1903-இல் பிறந்த கல்லூரி அது.

அந்தக் கட்டடங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன்.

படகு நிழலில் கிடக்கும் நாய்களுக்குப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல் கட்டி வந்து ரத்தம் சொட்டும். புண் என்று நினைத்து மஞ்சள் அப்பிவிடுவோம். அது புற்றுநோய். இணைசேரும்போது ஒரு நாயின் புற்றணுக்களே அடுத்த நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. இக்கட்டியை நாய்க்கு நாய் மாற்றி வளர்க்க முடியும் என்று 1876-இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி காட்டினார். 2019-இல் 546 கட்டிகளின் மரபணுவை ஒப்பிட்டவர்கள், எல்லாமே 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் திரிந்த ஒரே விலங்கிடம் தோன்றியவை என்று கணித்தார்கள். எத்தனை சாம்ராஜ்யங்களைத் தாண்டி வந்த கட்டி!

அதை அடக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, நம் வாசல் மணலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும். வெள்ளணுக்கள் குறையும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

வளர்ப்பு விலங்குகளிடம் நடக்கும் புற்றுநோய் மருந்துச் சோதனைக்கும், வாரம் தவறாமல் வரும் இதே ஒழுங்குதான் உயிர். அங்கே நோயை யாரும் வரவழைப்பதில்லை. தானாக நோயுற்ற விலங்கை, வளர்ப்பவர் சம்மதித்துக் கொண்டுவருகிறார். நம்மோடு ஒரே காற்றைச் சுவாசிக்கும் நாய்க்கு ஆயுள் குறைவு. விளைவு சீக்கிரம் தெரியும். நாய்ப் புற்றுக்கென்றே டோசெரானிப் மாத்திரை 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அப்படிப்பட்ட சோதனைகளால்தான். கட்டி சுருங்கிவிட்டதே என்று மூன்றாம் வாரம் நாயைக் கொண்டுவராமல் விட்டால், நாய்க்கும் கேடு, சோதனை ஏட்டுக்கும் கேடு.

தெரு நாய்க்கு யார் சம்மதிப்பது? மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத நாயை ஆட்டோவில் ஏற்றிப்போகும் பெண்கள் எங்கள் குப்பத்தில் உண்டு. உரிமையாளர் யார் என்று கேட்டால், தயங்காமல் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள்.