கறுப்புப் பட்டியின் வரலாறும் பெறுமதியும்

யப்பானியத் தற்காப்புக் கலைகளில் இடுப்பிற் கட்டும் பட்டியின் நிறம் பயில்வோரின் தரத்தை உணர்த்துகின்றது. இது தொன்றுதொட்டு நிலவும் வழக்கமெனப் பலர் கருதுவர். பல்லாண்டுப் பயிற்சியின் வியர்வையும் அழுக்கும் படிந்து கருமையுற்ற வெண்பட்டியே கறுப்புப் பட்டியாயிற்று என்னும் கதையும் வழங்குகின்றது. வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. கறுப்புப் பட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கல்விச் சிந்தனையின் பேறாகும்.

1868ஆம் ஆண்டின் மெயிசி மாற்றத்துக்கு முன்னர், போர்க்கலை மரபினர் மாணவரின் தகுதியைச் சுருளேடுகளாலேயே உறுதிசெய்தனர். முதலில் உத்திகளின் பட்டியல், பின்னர் கற்பிக்கும் உரிமை, முடிவில் மரபு முழுவதையும் பெற்றமைக்கான சான்று என அவை அமைந்தன. படிகள் சிலவே, அவற்றுக்கிடையே கழிந்த ஆண்டுகளோ பல. தகுதியும் ஆசிரியரும் மாணவரும் மட்டுமே அறிந்த மறைபொருளாய் இருந்தது.

1882இல் டோக்கியோவில் கொடொக்கன் பயிற்சிக்கூடத்தை நிறுவி யூடோவை வகுத்த கானோ யிகோரோ, பல்கலைக்கழகப் பட்டதாரி. பிற்காலத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் உயர் கலாசாலையொன்றின் அதிபராக நெடுங்காலம் பணியாற்றியவர். அவர் 'கோ' எனும் பலகை விளையாட்டில் முன்பே வழங்கிய 'டான்' எனும் தரமுறையை யூடோவுக்கு ஏற்புடையதாக்கினார். 1883இல் சைகோ சிரோ, தொமித்தா சுனெயிரோ ஆகிய இருவரும் முதலாம் டான் பெற்றனர். 1886 அளவில் டான் பெற்றோர் கறுப்புப் பட்டி அணியலாயினர். நெடும்பயணம் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டது. தரமும் யாவருங் காணத்தக்கதாயிற்று. எதிராளியை நிலத்தில் வீழ்த்தும் கலையில், தன்னுடன் பொருதுபவர் காயமின்றி வீழக் கற்றவரா என்பதை அறிதல் வெறும் பெருமை பற்றிய விடயமன்று, உடற்காப்புப் பற்றியதுமாகும்.

ஒக்கினாவாவின் கராத்தே கலைஞர்கள் நீண்டகாலம் பட்டியின்றியே தேர்ச்சி பெற்றிருந்தனர். அத்தீவிலிருந்து 1922இல் டோக்கியோ சென்ற புனாகோசி கிச்சின், யூடோவின் முறையைத் தழுவி 1924இல் முதன்முறையாகக் கராத்தேயில் டான் வழங்கினார். 1935இல் பாரிசு சென்ற கவைசி மிக்கினொசுக்கே, மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம் எனும் பல்வண்ணப் பட்டிகளை அங்கு பரப்பினார். தொடக்கநிலை மாணவரின் ஊக்கம் தளராதிருக்க இவை துணைபுரிந்தன. ஆயின் படிகள் பெருகப் பெருக, கலையைக் கற்பதினும் அடுத்த நிறத்தை எய்துவதே நோக்கமாகும் இடரும் பெருகிற்று.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, பட்டி தேர்ச்சியைப் படைப்பதில்லை என்பது புலனாகும். ஒக்கினாவாவின் முன்னோரே அதற்குச் சான்று. எய்திய நிலையைக் காட்டி, அடுத்துக் கற்கவேண்டியதை நினைவூட்டுவதே அதன் பணி. முதலாம் டான் யப்பானிய மொழியில் 'சோடான்' எனப்படும். 'சோ' என்பது தொடக்கத்தைக் குறிக்கும். பிறர் நிறைவின் சின்னமாகக் கருதும் கறுப்புப் பட்டி, அதனை வகுத்தோரின் மொழியில் தொடக்கத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பட்டியின் பெறுமதியும் அப்பெயரை மறவாதிருத்தலிலேயே தங்கியுள்ளது.