முதலாளியும் தங்ஙளும்: ஒரு நாவலின் சொற்கள்

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வெளிவந்தது. கல்லூரியில் பயிலும் உறவுப்பெண் ஒருத்தி அண்மையில் அதைப் படித்துவிட்டு, "முஸ்லிம் ஒருவரே நம் பெரியவர்களை இப்படிக் கேலி செய்யலாமா?" என்று வருத்தப்பட்டாள். அவளோடு உரையாடியபோது ஒன்று புலனாயிற்று. கதை நிகழும் தேங்காய்ப்பட்டினம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956இல்தான். அந்தக் கரையின் சொற்களை அவள் இன்றைய பொருளில் படித்திருந்தாள்.

'முதலாளி' என்றதும் தொழிற்சாலை உரிமையாளரை நினைத்துக்கொண்டாள். அங்கே அது பெயரோடு ஒட்டிய குடும்பப் பட்டம். தோப்பும் நிலமும் கைவிட்டுப் போன பின்னும் பட்டம் போகாது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் வீம்பு முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. 'மோதினார்' பாங்கு சொல்பவர். அரபியின் 'முஅத்தின்' தமிழ் மரியாதை விகுதி பெற்று வந்த வடிவம். அந்த வட்டாரக் கதைகளில் 'சக்கரம்' என்றால் நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

'தங்ஙள்' என்ற சொல்லில்தான் அவளுடைய வருத்தம் வேர்கொண்டிருந்தது. நம் 'தாங்கள்' போன்ற மலையாள மரியாதைச் சொல் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழித்தோன்றல்களாக மதிக்கப்படும் குடும்பத்தினரை மலபாரில் அவ்வாறு அழைப்பர். அந்த மரியாதை எத்துணை ஆழமானது என்று தெரிந்தால்தான், அதைப் போர்த்திக்கொண்டு வந்து ஊரைச் சுரண்டுபவன் செய்யும் துரோகத்தின் அளவு விளங்கும். ஆசிரியரின் சினம் அந்தப் பட்டத்தின் மீதன்று, அதை விற்றுப் பிழைப்பவன் மீது. சுறாப்பீலி வியாபாரி மஹமூது முதலாளியை எதிர்த்து நிற்பதும் தீனை எதிர்த்து அன்று.

இனி 'ஓத்துப்பள்ளி'. குர்ஆன் ஓதக் கற்பிக்கும் இடம். 'ஓத்து' பழந்தமிழ்ச் சொல். 134ஆம் குறளில் வேதம் ஓதுதலைக் குறித்து வருகிறது. தொழுகை, நோன்பு போல இதையும் நம் முன்னோர் தயக்கமின்றி எடுத்துத் தமதாக்கிக்கொண்டனர். சொல்லில் இவ்வளவு தாராளம் காட்டிய சமூகம், ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தபோது ஏன் அஞ்சியது?

அந்த அச்சத்தை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இலண்டன் மிஷன் பள்ளிகளை நடத்தி வந்தது. இங்கிலீஷ் என்றால் பாதிரியாரின் மொழி என்று ஒரு மீனவக் கிராமத்தார் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அதே சமஸ்தானத்தில்தான் வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873–1932) வாழ்ந்தார். மார்க்க அறிஞரான அவர், நவீனக் கல்வி முஸ்லிம் சிறுவர்களுக்கும் சிறுமியருக்கும் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். நாவலில் அகமதுக்கண்ணு முதலாளி பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் பகுதிகளை, மௌலவியை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படிக்குமாறு அவளிடம் கூறியிருக்கிறேன்.