கொழித்த பொன்

குளத்தூர்ப் பக்கம் உளுந்தடிப்பு முடிந்துவிட்டால் திண்ணைக்குத் திண்ணை சுளகுச் சத்தம்தான். முதலில் புடைப்பார்கள், தொலியும் தூசியும் காற்றோடு போகும். அதன் பிறகு நிதானமான வேலை. சுளகைச் சற்றே சரித்துப் பிடித்து மெல்ல அசைக்க அசைக்க, கரிசல் மண்பொடி ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமுமாகப் பிரியும். இதற்குப் பெயர் கொழித்தல்.

இந்த வீட்டுச் சொல்லைத்தான் பழம்புலவர்கள் ஆற்றுக்கும் கொடுத்தார்கள். பட்டினப்பாலையில் காவிரி நீர் பரந்து பொன்னைக் கொழிக்கிறது. அலை மணலைக் கரையில் ஒதுக்குவதும் கொழிப்பதுதான். காவிரிக்குப் பொன்னி என்று இன்னொரு பெயரும் உண்டு.

வெறும் உவமை நயம் என்று இதை ஒதுக்க முடியாது. சுளகும் ஆறும் செய்வது ஒரே வேலை. பொன், நீரைவிட 19 மடங்கு கனம். ஆற்று மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஓட்டம் தளரும் வளைவில் பொன்துகள் அடியில் தங்கிவிடும், மணல் போய்க்கொண்டே இருக்கும். நிலம்பூர்ச் சாலியாற்றில் பழங்குடி மக்கள் ‘மரவி’ என்னும் மரத்தட்டில் ஆற்றுமண்ணை அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றிப் பொன் எடுத்ததும் இந்தக் கணக்கில்தான். அந்தத் துகளின் தாய்ப்பாறையைத் தேடி 1880ஐ ஒட்டி லண்டன் கம்பெனிகள் நீலகிரியின் பந்தலூருக்கும் தேவாலாவுக்கும் எந்திரங்களோடு வந்தன. சில ஆண்டுகளில் போட்ட முதலும் போய்க் கடையைக் கட்டின.

பொன்மணலுக்கு உலகப் புகழ் பெற்றது இன்றைய துருக்கியில் ஓடும் பாக்டோலஸ். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரத்தை மைடாஸ் அதில் முழுகித் தொலைத்தான் என்பது கிரேக்கக் கதை. கரையில் இருந்த லிடிய நாட்டார் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன்பே நாணயம் அடித்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவோ, ஆற்றில் பொன் அற்றுப்போனதாக எழுதி வைத்தார்.

ஆற்றில் பொன் அற்றாலும் சொல்லில் அது தங்கிவிட்டது. ‘செல்வம் கொழிக்கும் ஊர்’, ‘பணம் கொழிக்கும் தொழில்’ என்கிறோம். கொழுமை என்னும் பக்கத்து வீட்டுச் சொல்லின் சாயலும் இதில் ஏறியிருக்கும் என்று தோன்றுகிறது. இப்போது நம் காதில் விழுவது பெருக்கம் மட்டுமே. கழித்துத் தள்ளிய மண் மறந்துபோயிற்று.

எங்கள் வைப்பாற்றுக்குப் பொன் பேர் கிடையாது. ஆனால் சொல்லின் முதற்பொருள் இங்கே திண்ணையில் இருக்கிறது. “இந்தத் தடவை நல்ல வெள்ளாமை போல இருக்கே, பெரியம்மா?” என்று ஒரு முறை கேட்டேன். குவியலைப் பார்க்காமல் சுளகைப் பார்த்தபடியே சொன்னார்: “எம்புட்டுத் தேறும்னு கொழிச்சாத்தான தெரியும்?”