மாறிய உருவங்களும் மாறாத குரலும்

ஒரு நடிகர் விலக, அவர் ஏற்ற பாத்திரத்தை இன்னொருவர் ஏற்பது அரங்க மரபிற்குப் புதிதன்று. ஆயின், சித்திரத் திரைப்படத்தில் உருவம் ஓவியனுக்குரியது. நடிகனுக்குரியது குரல் மட்டுமே. ஆதலின் பாத்திரத்தின் தொடர்ச்சி பெரிதும் குரலிலேயே தங்கியுள்ளது.

அமெரிக்காவின் சுப்பர்மான் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1940இல் தொடங்கிய வானொலித் தொடரில் பட் கொல்யர் அப்பாத்திரத்தை ஏற்றார். பத்திரிகையாளன் கிளார்க் கென்ற்றுக்கு உயர்ந்த, மென்மையான குரலையும் சுப்பர்மானுக்குத் தாழ்ந்த, கனத்த குரலையும் வழங்கி, ஒருவனே இருவராதலை அவர் செவிக்குப் புலப்படுத்தினார். 1941இல் பிளைஷர் நிறுவனம் இக்கதையைச் சித்திரக் குறும்படங்களாக்கியபோது அக்குரலையே நாடியது. எனினும் அவற்றில் அவர் பெயர் குறிக்கப்படவில்லை.

பின்னர் பாத்திரம் பலரிடம் சென்றது. 1948இல் திரையில் கேர்க் அலினும், 1952இல் தொலைக்காட்சியில் ஜோர்ஜ் ரீவ்சும் சுப்பர்மானாயினர். வானொலியிலும் இறுதிக் கட்டத்தில் மைக்கல் பிற்ஸ்மோரிஸ் கொல்யரின் இடத்தைப் பெற்றார். ஆயினும் 1966இல் தொலைக்காட்சிக்கெனப் புதிய சித்திரத் தொடர் உருவானபோது மீண்டும் கொல்யரே அழைக்கப்பட்டார். கால் நூற்றாண்டில் ஓவியரும் தயாரிப்பு நிறுவனமும் மாறியிருந்தன. முன்பு பெயர் குறிக்கப்படாத அக்கலைஞரின் குரலே பாத்திரத்தின் அடையாளமாக நிலைத்திருந்தது எனல் மிகையன்று.