மிதிபடும் கறுப்பு: ஒரு பழைய பிக்கப்பின் ரன்னிங் போர்டு

டெட்ராய்ட் பக்கம் ஆன்சைட்டில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1951ஆம் வருஷத்து ஷெவ்ரலே 3100 பிக்கப் ஒன்று இருந்தது. பச்சை உடம்பு, இரண்டு பக்கமும் கறுப்பு ரன்னிங் போர்டு. அவருடைய அப்பா புதிதாக வாங்கிப் பண்ணையில் ஓட்டிய வண்டி. பெரியவர் ரிட்டயர் ஆனபிறகு அதைப் பழுதுபார்க்க ஆரம்பித்திருந்தார். சனிக்கிழமை ஆனால் நான் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். படித்தது பி.இ. என்றாலும் பிழைப்பு சாஃப்ட்வேரில். கையில் கிரீஸ் படுவதே எனக்குப் புதுசு.

ஒருநாள் அவர் கேட்டார்: ரன்னிங் போர்டுக்கு எந்தக் கறுப்பு அடிப்பது, கண்ணாடி மாதிரி மின்னுவதா, மங்கலானதா? நான் எப்போதும் எதையாவது தேடிப் படித்துக்கொண்டிருப்பவன் என்பது அவருக்குத் தெரியும். பழைய காலத்தில் ஃபாக்டரியில் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடித்துச் சொல் என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

படிக்கட்டாகப் பிறந்தது

ரன்னிங் போர்டு என்றால் தெரியாதவர்களுக்கு: கறுப்பு வெள்ளைப் படங்களில் வரும் கார்களில், முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே, கதவுக்குக் கீழே நீளமாக ஒரு பலகை ஓடுமே, அதுதான். நம்ம ஊர் பஸ் ஃபுட்போர்டுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

குதிரை வண்டியில் ஏறுவதற்குச் சின்னதாக ஒரு இரும்புப் படி இருக்கும். ஆரம்பகால மோட்டார் கார்களும் அதே மாதிரி உயரமானவை. ரோடு மோசம், சக்கரம் பெரிசு, தரையிலிருந்து ஒரே எட்டில் ஏற முடியாது. அந்தப் படியை இழுத்து நீட்டி இரண்டு மட்கார்டுகளோடும் சேர்த்துவிட்டார்கள். ஏறவும் ஆச்சு, சக்கரம் வாரியடிக்கும் சேற்றைத் தடுக்கவும் ஆச்சு, சாமான் கட்டவும் ஆச்சு. ஃபோர்டு மாடல் டி-யின் ஆரம்ப வருஷங்களில் முன்விளக்கு எரிவது அசெட்டிலீன் வாயுவில். கார்பைடில் தண்ணீர் சொட்டி அந்த வாயுவை உண்டாக்கும் டப்பாவை வைத்ததும் ரன்னிங் போர்டின் மேல்தான்.

வண்டியிலேயே அதிகம் அடிவாங்கும் தகடு இது. மேலே ஆணி அடித்த பூட்ஸ், கீழே சக்கரம் வீசும் கல், சேறு, தண்ணீர். கூரைக்கு அடித்த பெயிண்ட் பத்து வருஷம் தாக்குப்பிடித்தது என்பது பெரிய விஷயமில்லை. ரன்னிங் போர்டில் பிடித்து நின்றால்தான் அது பெயிண்ட்.

ஏன் கறுப்பு?

கறுப்பு என்றதும் எல்லோருக்கும் ஹென்றி ஃபோர்டு ஞாபகம் வருவார், கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது என்று அவர் சொன்னதாகச் சொல்லப்படும் வாசகமும் வரும். ஆனால் 1908இல் மாடல் டி வந்தபோது பச்சை, சிவப்பு, சாம்பல், நீலம் எல்லாம் இருந்தன. கறுப்பு மட்டும்தான் என்ற காலம் 1914 முதல் 1925 வரை. காரணம் கேட்டால், "கறுப்பு பெயிண்ட் சீக்கிரம் காயும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் அதற்குச் சரியான ஆதாரம் சிக்கவில்லை. ரன்னிங் போர்டில் அடித்த பூச்சைப் படித்தபோது வேறு ஒரு காரணம் புரிந்தது.

அந்தப் பூச்சுக்குப் பெயர் ஜப்பான் பிளாக். ஜப்பானில் மரப்பாலை எடுத்துப் பூசி மெருகேற்றும் பெட்டிகள் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கே ஏகப்பட்ட மவுசு. அந்த மரம் ஐரோப்பாவில் இல்லை. அதனால் நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து, பூசி, அடுப்பில் சுட்டு, பார்ப்பதற்கு அதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். வேல்ஸ் நாட்டின் பாண்டிபூல் 18ஆம் நூற்றாண்டில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர். நம்ம பாட்டி வீட்டுச் சிங்கர் தையல் மிஷினின் கறுப்பும் இந்தக் குடும்பம்தான். எத்தனை தலைமுறை கை பட்டும் அது உரியாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் இதற்கு உதவியது கில்சனைட். யூட்டா மாநிலத்தில் பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுக்கும், கரி மாதிரி பளபளக்கும் ஒருவகை இயற்கை நிலக்கீல். அதை எண்ணெயோடும் கரைப்பானோடும் சேர்த்துத் தொட்டியில் ஊற்றி, தகட்டை அப்படியே முக்கி எடுப்பார்கள். பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். அந்தச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படும். மறுபடி சூடாக்கினாலும் உருகாது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நிலக்கீல் தன் இயல்பிலேயே கறுப்பு. எந்த நிறத்தைக் கலந்தாலும் கறுப்பாகத்தான் வரும். அதன் உறுதி வேண்டுமென்றால் அதன் நிறத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு, அந்தக் காலத்துக் கார் உடம்புக்குள்ளே மரச்சட்டம் இருக்கும். அதை 200 டிகிரி அடுப்பில் வைக்க முடியாது. அதனால் முழுச்சூட்டில் சுட்ட பூச்சு மட்கார்டு, ரன்னிங் போர்டு போன்ற வெறும் இரும்புத் தகடுகளுக்குத்தான். மாடல் டி-யில் பாகத்துக்குப் பாகம், பூசும் முறைக்கு ஏற்ப, 30க்கும் மேற்பட்ட கறுப்புப் பூச்சுகள் பயன்பட்டிருக்கின்றன. நாம் "கறுப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்வதை அவர்கள் தனித்தனி ஃபார்முலாவாக வைத்திருந்தார்கள்.

1923இல் டூபாண்டின் டூக்கோ லாக்கர் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓக்லண்ட் காரில் நீல நிறமாக அடித்துக் காட்டியது. நாள்கணக்கில் நடந்த பெயிண்ட் வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது, நிறங்கள் திரும்பி வந்தன. ஃபோர்டும் 1926 மாடல்களில் நிறத்தைத் திரும்பக் கொடுத்தது. ஆனால் உடம்புக்குத்தான் நிறம். மட்கார்டும் ரன்னிங் போர்டும் கறுப்பாகவே இருந்தன. சீக்கிரம் காய்வதற்காகத்தான் கறுப்பு என்றால், சீக்கிரம் காயும் லாக்கர் வந்தபிறகு இந்த இடத்தில் மட்டும் கறுப்பு ஏன் தங்கியது? கல்லடி படும் இடத்தை லாக்கரிடம் விட மனம் வரவில்லை என்பது என் கணிப்பு.

பிக்கப் கதையும் இதே சமயத்தில்தான் தொடங்குகிறது. 1925 ஏப்ரலில் ஃபோர்டு, மாடல் டி-யின் பின்பக்கம் சாமான் பெட்டி வைத்து, ஃபாக்டரியிலேயே செய்த பிக்கப்பை 281 டாலருக்கு விற்றது. பிறகு கார்களில் ரன்னிங் போர்டு மறைய ஆரம்பித்தது. 1936இல் கார்டு 810, 1938இல் கேடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷல் இரண்டுமே அது இல்லாமல் வந்தவை. பிக்கப்பில் மட்டும் அது இன்னும் பல வருஷம் ஓடியது. பெரியவருடைய 3100 வரிசை 1947இல் வந்து 1955இல் முடிந்தது. அடுத்து வந்த ஷெவ்ரலேயில் படி கதவுக்குள்ளே ஒளிந்துகொண்டது.

துரு எங்கே உட்கார்ந்திருந்தது

இவ்வளவையும் படித்துவிட்டு, "சுட்ட கறுப்பு நல்லாவே மின்னும், அதனால் பளபளப்பாகவே அடிக்கலாம்" என்று பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கழற்றி வைத்திருந்த வலதுபக்கப் பலகையைத் திருப்பிக் காட்டினார். மேலே கீறல்கள்தான். கீழே ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினால் உள்ளே போகிறது. சேஸிஸிலிருந்து வரும் தாங்கிகள் பலகையைத் தொடும் இடத்தில் சேறு அடைந்து, ஈரம் காயாமலே கிடந்திருக்கிறது. போதாக்குறைக்கு உப்பு. பனி உருக ரோட்டில் உப்பு போடுவதை மாநிலம் முழுவதுக்குமான வழக்கமாக முதலில் கொண்டுவந்தது நியூ ஹாம்ப்ஷயர், 1941-42 குளிர்காலத்தில். போருக்குப் பிறகு வடக்கு மாநிலங்கள் எல்லாவற்றிலும் பரவியது. இந்த வண்டியின் ஆயுள் முழுக்க உப்புக் காலம்தான்.

முக்கி எடுப்பதன் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டியில் முக்கினால் மடிப்பு, ஓட்டை, அடிப்பக்கம் எல்லா இடத்திலும் பூச்சு ஏறும். நாம் ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை அழகு பார்க்கிறோம். துருவுக்குக் கண் தேவையில்லை, ஈரம் போதும். 1960களில் கார் கம்பெனிகள் மின்சாரம் பாயும் பிரைமர் தொட்டியில் உடம்பை முழுக்க முக்க ஆரம்பித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

வலதுபக்கப் பலகையின் அழுகிய இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். மணல் அடித்து வெறும் இரும்பாக்கி, இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர், தாங்கிகள் உட்காரும் இடத்தில் சீலர், அடியில் சொரசொரப்பான கனத்த பூச்சு, மேலே கறுப்பு எனாமல். பிரமாதமாக வந்தது. கீறல் விழுந்துவிடுமே என்று நான்தான் மேலே ஒரு ரப்பர் மேட் ஒட்டச் சொன்னேன். அடுத்த வசந்தத்தில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், போல்ட் ஓட்டையைச் சுற்றி ஆரஞ்சு வளையம். மேட்டுக்கடியில் போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. பாதுகாக்கப் போட்டதே துருவுக்குக் கூடாரமாகிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு உப்புத்தாளை என் கையில் கொடுத்தார்.

இடதுபக்கப் பலகை

டிரைவர் பக்கத்துப் பலகை அவ்வளவு மோசமில்லை. ஆனால் கதவுக்கு நேராக ஒரு இடத்தில் கறுப்பு முழுசாகத் தேய்ந்து, தகட்டின் வரிகள் மழுங்கி, பழுப்பு இரும்பு தெரிந்தது. ஒரு பூட்ஸ் அகலம். அவர் அப்பா ஒவ்வொரு நாளும் கால் வைத்து ஏறிய இடம்.

அதையும் மணல் அடித்துப் புதுசாக்கலாம் என்றேன். ஜோடி பொருந்த வேண்டாமா? அவர் இரண்டு வாரம் பதிலே சொல்லவில்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012இல் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதே மேல் என்பது அதன் சாரம். அதைப் பற்றி அவரிடம் சொன்னேன். சாசனம் சொல்லித்தானா எனக்குத் தெரியணும் என்பது மாதிரி சிரித்தார்.

கடைசியில் அந்தப் பலகையின் அடிப்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து பிரைமரும் பூச்சும் கொடுத்தோம். மேலே கை வைக்கவில்லை. துருவின் மேல் கிளியர் கோட் அடித்தால் கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும். அதனால் துடைத்து, காயவைத்து, மெழுகு தேய்த்தோம். வருஷத்துக்கு இரண்டு தடவை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். மேலே மேட் கிடையாது, தண்ணீர் வடிந்து போகட்டும்.

இப்போது அந்த வண்டியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. வலதில் நான் முகம் பார்க்கலாம். இடதில் அவர் ஏறும்போது, தேய்ந்த இடத்தில் சரியாகக் கால் வைப்பார். அதைக் கவனித்தபிறகு, அந்தப் பக்கமாக ஏற வேண்டி வந்தால் நான் கொஞ்சம் தள்ளியே கால் வைத்தேன்.