சொட்டுச் சொட்டாய்ப் போன ரோவர்



அம்பாசிடர் காரைப் பற்றி முன்பு எழுதியபோது, "அந்தக் காரைப் பெற்ற இங்கிலாந்துக் கம்பெனி கடைசியில் என்னதான் ஆயிற்று சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் நீளமானது. அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று சொல்கிறேன். ஒரு மெல்லிய கேஸ்கெட்டும் அதன் வழியே கசிந்த தண்ணீரும் சம்பந்தப்பட்ட கதை. கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் உபயோகப்படும்.

முதலில் வம்சாவளி. நம் அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற ஆங்கிலேயக் காரின் வாரிசு. மோரிஸும் ஆஸ்டினும் 1952-ல் ஒன்று சேர்ந்து பி.எம்.சி. ஆனார்கள். 1968-ல் அது லேலண்டுடன் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயிற்று. ஆமாம், நம் எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் அதே லேலண்ட்தான். நஷ்டம் தாங்காமல் 1975-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1986-ல் ரோவர் குரூப் என்று பெயர் மாறியது. 1988-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் வாங்கியது, 1994-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. வாங்கியது. ஆக, ரோவர் நம் அம்பாசிடருக்குப் பங்காளி முறை.

அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது பி.எம்.சி.யின் 1489 சி.சி. என்ஜின். பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. மலைப்பாதையில் ஏறும்போது கொதித்துப் புகை விடும். டிரைவர் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, ஒரு பீடி பிடித்துவிட்டு, சாக்குத் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். டப்பாவில் இருக்கும் தண்ணீரை ஊற்றுவார். வண்டி கிளம்பிவிடும். நம் தலைமுறையில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. கனமான இரும்பு என்ஜின் அந்த அளவுக்குச் சூட்டைப் பொறுத்துக்கொண்டது.

பெட்ரோலை எரித்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடவேண்டும். பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, எண்ணெய், கூலன்ட் ஆகிய மூன்றும் அடுத்தடுத்த துளைகளில் அதன் வழியே போகின்றன. ஒன்றோடு ஒன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது அந்த மெல்லிய தகட்டின் வேலை. இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினிய என்ஜினில் இந்த வேலை இன்னும் சிரமம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

1951 முதல் ஓடிய ஏ-சீரிஸ் என்ற சிறிய இரும்பு என்ஜினுக்கு வயதாகிவிட்டது. அதன் இடத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்று ரோவர் பொறியாளர்கள் உருவாக்கியதுதான் கே-சீரிஸ். 1989-ல் ரோவர் 200 காரிலும், அடுத்த ஆண்டு மெட்ரோ காரிலும் வந்தது. அந்தக் காலத்துக்கு அது ஓர் அதிசயம். முழுக்க அலுமினியம். ஹெட், பிளாக், கிராங்கைத் தாங்கும் அடிப்பகுதி எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை ஊடுருவிச் செல்லும் பத்து நீளமான போல்ட்டுகள் சாண்ட்விச் போலச் சேர்த்துப் பிடித்தன. எடை குறைவு, சக்தி அதிகம். உள்ளே ஓடும் கூலன்ட்டின் அளவும் குறைவு என்பதால் குளிர்காலத்தில் சீக்கிரம் சூடேறும், பெட்ரோல் மிச்சமாகும். ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் லோட்டஸ் கம்பெனியே தன் எலீஸ் காருக்கு இந்த என்ஜினைத்தான் வாங்கிப் போட்டது. குறை சொல்ல ஆளில்லை.

முதலில் வந்த 1.4 லிட்டர் என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீட்டர். பெரிய கார்களுக்குப் பெரிய என்ஜின் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றைச் செய்யப் பணமில்லை. இருக்கும் என்ஜினையே பெரிதாக்கினார்கள். விட்டம் 80 மில்லிமீட்டர் ஆயிற்று. 1.6, 1.8 லிட்டர் என்ஜின்கள் பிறந்தன. வெளியில் என்ஜினின் நீளம் மாறவில்லை, சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த இடம்தான் குறைந்தது. சிலிண்டருக்குள் இறக்கும் லைனர் என்ற குழாய் முன்பு முழு உயரத்துக்கும் கூலன்ட்டில் நனைந்து நின்றது. இப்போது மேல் பாதி மட்டும் நனைய, கீழே ஒரு படியில் உட்கார்ந்தது. லைனரின் வாய் பிளாக்கின் மட்டத்தைவிடத் தலைமுடி அளவு தூக்கி நிற்கவேண்டும், அப்போதுதான் கேஸ்கெட் இறுகப் பிடிக்கும். லைனர் கொஞ்சம் இறங்கிவிட்டால் பிடி போய்விடும்.

இதோடு வேறு சில சங்கதிகளும் சேர்ந்துகொண்டன. தெர்மோஸ்டாட் என்ஜினுக்குள் தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருந்தது. என்ஜின் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தெர்மோஸ்டாட் திறந்தால், குளிர்காலத்து ரேடியேட்டரில் சில்லென்று நின்ற கூலன்ட் ஒரேயடியாக உள்ளே பாயும். உடனே தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும். மறுபடி சூடேறும், மறுபடி திறக்கும். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். ஹெட்டை நகராமல் பிடிக்கும் சிறு முளைகள் ஒரு காலகட்டத்தில் எஃகிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறின. கேஸ்கெட்டின் மேல் ஒட்டியிருந்த ரப்பர் வரம்பு நாளடைவில் உரிந்து வந்தது. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

1995-ல் எம்.ஜி.எஃப். என்ற அழகான இரண்டு சீட் கார் வந்தது. என்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்மூக்கில், நடுவே நீளமான குழாய்கள். எங்காவது ஒரு காற்றுக் குமிழ் தங்கினாலும் தொல்லை. 1997-ல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் வந்தது. கனமான வண்டி, அதற்கும் அதே 1.8 என்ஜின். தொல்லையில் இந்த இரண்டு வண்டிகளின் பெயர்தான் அதிகம் அடிபட்டது.

உரிமையாளர் பக்கம் இருந்து பாருங்கள். இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலிருந்தோ, ஒரு ஹோஸ் குழாயிலிருந்தோ, ரேடியேட்டரிலிருந்தோ சொட்டுச் சொட்டாகக் கசிவு. சூடான என்ஜின் மேல் விழுந்து ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரம்கூட இருக்காது. இருப்பதே கொஞ்சம் கூலன்ட். அதில் ஒரு லிட்டர் போனாலே பெரிய பங்கு போய்விட்டது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் இருக்கிறதே என்பீர்கள். அந்த முள்ளை இயக்கும் சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றி அது காற்றில் நின்றால் முள் சாதுவாக நடுவிலேயே நிற்கும், சில சமயம் கீழேகூட இறங்கும். உள்ளே ஹெட் வளைந்துகொண்டிருக்கும். அடுத்த நாள் எண்ணெய் மூடியைத் திறந்தால் அடியில் பால் விட்ட காபி நிறத்தில் ஒரு களிம்பு. எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

பிறகு ஹெட்டை இறக்கவேண்டும், லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கவேண்டும், புது கேஸ்கெட், புது போல்ட், புது எண்ணெய். ஹெட் அதிகம் வளைந்திருந்தால், லைனர் இறங்கியிருந்தால், வேறு என்ஜினே தேட வேண்டியதுதான். உத்தரவாதக் காலத்தில் இருந்த வண்டிகளுக்குக் கம்பெனி செய்துகொடுத்தது. ஆனால் இந்த நோய் பலருக்கும் உத்தரவாதம் முடிந்த பிறகே வந்தது. இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கியவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவர்கள். வண்டியின் சந்தை விலையே ரிப்பேர் செலவைவிடக் குறைவு என்ற நிலையில், பார்க்க நன்றாக இருந்த கார்கள் உடைக்கப் போயின. "கே-சீரிஸா, வேண்டாம்ப்பா" என்று வாங்க வந்தவர்கள் விலகினார்கள். மறுவிற்பனை விலை விழுந்தது. கேஸ்கெட் போகாத கார் வைத்திருந்தவர்களுக்கும் அந்த நஷ்டம் போய்ச் சேர்ந்தது.

இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்றால் மன்னிக்கலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1970 செப்டம்பரில் செவர்லே வேகா என்ற சின்னக் காரை விட்டது. பதினேழு சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினிய பிளாக், உள்ளே லைனரே கிடையாது, மேலே வார்ப்பிரும்பு ஹெட். ரேடியேட்டர் சிறியது, மிச்சக் கூலன்ட்டைப் பிடித்து வைக்கும் பாட்டில் கிடையாது. ஒரு பிரபல பத்திரிகை அதை 1971-ன் சிறந்த கார் என்றது. கொஞ்ச நாளில் கூலன்ட் குறைந்து, என்ஜின் கொதித்து, சிலிண்டர்கள் உருக்குலைந்து, எண்ணெய் குடிக்கும் வண்டி என்று பெயர் வாங்கியது. கம்பெனி பிற்பாடு பாட்டில் வைத்தது, கூலன்ட் குறைந்தால் எரியும் விளக்கு வைத்தது, 1976-ல் என்ஜினுக்கு ஐந்து ஆண்டு, 60,000 மைல் உத்தரவாதம் கொடுத்தது. அடுத்த ஆண்டோடு வேகா நின்றுபோயிற்று. அதற்குள் ஏறக்குறைய இருபது லட்சம் வண்டிகள் விற்றிருந்தன.

அதே கம்பெனி 1990-களின் நடுவில் டெக்ஸ்-கூல் என்ற ஆரஞ்சு நிறக் கூலன்ட்டைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுக்கு மாற்ற வேண்டாம் என்று விளம்பரம். சில வண்டிகளில் அது சேறு போலக் கட்டியது, இன்டேக் கேஸ்கெட்டுகள் கசிந்தன என்று உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பல ஆண்டு இழுத்து 2008 வாக்கில் சமரசம் ஆயிற்று. கைக்கு வந்தது 50 டாலரிலிருந்து 800 டாலர் வரை. ஒரு என்ஜினுக்கு அதில் பாதிகூட வராது.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 2000-ல் பி.எம்.டபிள்யூ. கைகழுவியது. லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போயிற்று. ரோவர், எம்.ஜி. கார்கள் ஃபீனிக்ஸ் என்ற குழுவுக்கு வெறும் 10 பவுண்டுக்குக் கைமாறின. ஃப்ரீலேண்டருக்குப் பல அடுக்கு எஃகுத் தகடுகளால் ஆன புது கேஸ்கெட் வந்தது. சூடும் குளிரும் மோதாதபடி தெர்மோஸ்டாட் ஏற்பாட்டையும் சில மாடல்களில் மாற்றினார்கள். மருந்து கிடைத்துவிட்டது. நம்பிக்கை மட்டும் திரும்பி வரவில்லை.

2005 ஏப்ரலில் எம்.ஜி. ரோவர் திவாலானது. பர்மிங்காம் பக்கத்து லாங்பிரிட்ஜில் சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஊர் அது. கேஸ்கெட் மட்டும்தான் கம்பெனியை மூழ்கடித்தது என்று நான் சொல்லமாட்டேன். புது மாடல் செய்யப் பணம் இல்லை, கூட்டாளி கிடைக்கவில்லை, காரணங்கள் பல. ஆனால் விற்பனை ஒவ்வொன்றும் உயிர்மூச்சாக இருந்த நேரத்தில், வாங்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பிய காரணங்களில் இதுவும் ஒன்று.

சொத்துகள் சீனாவுக்குப் போயின. அங்கே அதே கே-சீரிஸைத் திருத்தி மறுபடி தயாரித்தார்கள். எம்.ஜி. என்ற பெயர் இன்று சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. கம்பெனியுடையது. 2019 முதல் நம் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்கள் அந்தப் பெயரில் வருபவைதான், என்ஜின் வேறு. லேண்ட் ரோவரை 2008-ல் நம் டாடா வாங்கியது. பங்காளிகள் எங்கெங்கோ சுற்றி நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன? இன்று நாம் ஓட்டும் கார்களிலும் ஹெட் அலுமினியம்தான். பீடி பிடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பும் காலம் போய்விட்டது. எனவே சில வார்த்தைகள்:

வாரம் ஒருமுறை, என்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் பாட்டிலில் மட்டத்தைப் பாருங்கள். பாட்டிலில் இரண்டு கோடு இருக்கும், நடுவில் நிற்கவேண்டும்.

அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எங்கே போகிறது என்று மெக்கானிக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஹோஸ் குழாய் மாற்றும் செலவு எங்கே, என்ஜின் செலவு எங்கே!

கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று வேறு வகையைக் கலக்க வேண்டாம்.

சூட்டு முள் ஏறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டாதீர்கள். நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ஆறும் வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

பழைய கார் வாங்கப் போனால் எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். காபி நிறக் களிம்பு இருந்தால், விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.